வெட்டுப்பட்ட முகங்கள்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களுக்கு முகம் கிடையாது. ஒன்பது கல், அவ்வளவுதான். கும்பிடுகிறவர்கள்தான் அவற்றைக் கிரகங்களாக்குகிறார்கள். ரோமானியப் பொற்காசின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே முகம்தான் எல்லாம்.

தமிழகத்தில் அதிகம் கிடைப்பவற்றில் ஒன்றான திபேரியுஸ் (கி.பி. 14–37) காசை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் மன்னன் தலை. சுற்றிலும் 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்று எழுத்து. பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண். கூடவே 'தலைமைப் பூசாரி' என்ற பட்டம். செத்த அப்பனைச் சாமியாக்கி, அந்தச் சாமிக்குப் பிள்ளையும் நானே, பூசாரியும் நானே என்கிறது அதிகாரம். கோயிலுக்கே போகாதவன் மடியிலும் இந்தப் பிரதி போய்ச் சேர்ந்துவிடும். வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஏசு வாங்கிப் பார்த்ததும் இதே உருவங்கள் கொண்ட வெள்ளிக்காசுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இந்தப் பிரதி நம்ம பக்கம் வந்தபோது என்ன ஆச்சு? 1898-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலானவை. மிகப் பெரும்பாலானவற்றில் மன்னன் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு. தங்கம் சுத்தமா என்று பார்க்க வெட்டியிருக்கலாம் என்பார்கள். அதுக்கு ஓரத்தில் ஒரு கீறல் போதுமே, முகத்தைக் குறிபார்ப்பானேன்? இனி இது நாணயமாகச் செல்லாது, எடைக்கு மட்டுமே என்று காட்டப் போட்ட வெட்டு என்ற விளக்கம்தான் எனக்குப் பொருந்தி வருகிறது. காசின் அதிகாரம் முகத்தில் குடியிருப்பதை உளி பிடித்த கை சரியாகவே வாசித்திருக்கிறது.

உடனே 'ரோமை எதிர்த்த தமிழன்' என்று பெருமிதக் கதை கட்டிவிடலாம். அங்கேதான் நாம நிதானிக்கணும். முகம் போச்சு, தங்கம் போகலை. சீசரின் தெய்வத்தன்மையை மறுத்தவர்கள் அவன் பொன்னின் மதிப்பை மறுக்கவில்லை. அந்தப் பொன் மிளகுக்கும் துணிக்கும் முத்துக்கும் வந்த விலை. கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்றவர்களை இறக்கினார்கள் என்று முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்கிறது. மூச்சடக்கி மூழ்கினவன் முகம் எந்தக் காசிலும் கிடையாது, வெட்டுவதற்குக்கூடக் கிடையாது.

தேவிபட்டினத்துக்குத் தெற்கே அழகன்குளத்தில் 1986-இல் தொடங்கிய அகழாய்வுகளிலும் ரோமானியக் காசுகள் வந்தன. அவை பிற்காலத்துச் செம்பு. பொன்னோ செம்போ, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து 'நம் பழம்பெருமை' என்று எழுதும்போது காசு மறுபடியும் சாமியாகிவிடுகிறது. இது யாருடைய முகம் என்று கேட்பதோடு, யாருடைய மூச்சுக்கு இது விலை என்றும் சேர்த்துக் கேட்டால்தான் நம் வாசிப்பு முழுசாகும்.