பார்வை மங்கும் முன்பே விழித்திரையைப் பரிசோதிப்போம்

நம் வீடுகளில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருந்தால், காலில் புண் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறோம். கண்ணைப் பற்றி அந்த அளவுக்கு யோசிப்பதில்லை. பார்வை மங்கினால், கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால், காரணம் விழித்திரை வீக்கமாக இருந்தால் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை.

கண்ணின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் மெல்லிய திரைதான் விழித்திரை. அதன் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதி மாக்குலா. எழுத்தைப் படிப்பதற்கும், ஊசியில் நூல் கோப்பதற்கும், எதிரே வருபவரின் முகத்தை அறிவதற்கும் இந்தச் சிறு பகுதியே உதவுகிறது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமாகின்றன. அவற்றின் சுவர் ஆங்காங்கே புடைத்து, நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபட்டும் போகின்றன. இரத்தம் கிடைக்காத பகுதி சுரக்கும் ஒரு வேதிப்பொருள் கசிவை மேலும் கூட்டுகிறது. கசிந்த நீர் மாக்குலாவில் தேங்கி வீங்கும்போது நடுப்பார்வை மங்குகிறது. நேர்க்கோடுகள் வளைந்து தெரிகின்றன.

இந்த வீக்கம் வலிக்காது, கண்ணும் சிவக்காது. ஒரு கண் மங்கினாலும் மற்றது ஈடுகட்டிவிடும். மாக்குலாவின் மையத்தை வீக்கம் எட்டும் வரை பார்வை தெளிவாகவே இருக்கலாம். எனவே, 'எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது' என்று சொல்லி மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

பெரியவர்களுக்குப் பரவலாக வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால், நோய் தெரிந்தவுடனேயே விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது, அல்லது மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் பார்ப்பது அவசியம். பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். எனவே துணைக்கு ஒருவர் உடன் செல்வது நல்லது.

வீக்கம் இருந்தால் கசிவைத் தடுக்கும் ஊசி மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். சிலருக்கு லேசர் சிகிச்சை தேவைப்படும். ஊசியைப் பலமுறை போட வேண்டியிருக்கும் என்பதால், பாதியில் நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

வீக்கம் நீண்ட காலம் நீடித்து விழித்திரைச் செல்கள் அழிந்துவிட்டால், இழந்த பார்வையை முழுமையாக மீட்க முடியாது. அடுத்த முறை வாப்பாவையோ உம்மாவையோ சர்க்கரை பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, கண் மருத்துவரிடமும் காட்டி வருவோம்.