மூடி வைத்த புத்தகம்

மாடத்தில் ஒரு புத்தகம் கிடக்கிறது. அதன் மேல் தூசி படிந்திருக்கிறது. ஏழாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக இருக்கிறது. எட்டாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

இப்படி ஒரு புத்தகம் நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கும். கேரளத்திலும் இருக்கும். பீகாரிலும் இருக்கும். பட்டம் பெற்றவர் வீட்டில் இருக்கும். புதிதாக எழுத்துக் கற்றவர் வீட்டிலும் இருக்கும்.

ஆனால் இந்த இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பட்டம் பெற்றவர் பாதியில் நிறுத்தினால், "புத்தகம் சரியில்லை" என்பார். புதிதாகக் கற்றவர் நிறுத்தினால், "எனக்குத்தான் மூளை போதவில்லை" என்பார். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வார்.

இது நியாயமா? புத்தகம் ஏன் நின்று போகிறது? அதை மறுபடி எடுத்தால் என்ன கிடைக்கும்? பார்ப்போம்.

நிறுத்தினால் என்ன நஷ்டம்?

1988-ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. பிறகு பல மாநிலங்களில் லட்சக்கணக்கானவர்கள் மாலை நேர வகுப்புகளில் படித்தார்கள். வயலில் வேலை செய்தவர்கள் வந்தார்கள். பீடி சுற்றியவர்கள் வந்தார்கள். கைக்குழந்தையோடும் வந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒரு சிக்கல் தெரிந்தது. படிப்பதை விட்டவர்களுக்கு எழுத்து மெல்ல மெல்ல மறந்தது. முதலில் கூட்டெழுத்து மறந்தது. பிறகு வேகம் போனது. கடைசியில் சிலர் மறுபடியும் கைநாட்டு வைத்தார்கள். அதனால்தான் முதல் பாடப்புத்தகத்துக்குப் பிறகும் படிக்கத் தொடர்கல்விப் புத்தகங்கள் வந்தன.

இறைக்கிற கிணறுதான் ஊறும். எழுத்தும் அப்படித்தான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. வயிற்றுப்போக்கு பற்றி ஒரு சிறு புத்தகம் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கதை இல்லை. பாட்டு இல்லை. இரண்டு பக்கம் படித்ததும் அலுப்பு வருகிறது. மூடி வைத்துவிடுகிறோம்.

ஆறு மாதம் கழித்து வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் தண்ணீராக வயிற்றால் போகிறது. அப்போது அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கம்தான் தேவை. ஒரு லிட்டர் சுத்தமான நீர். அதில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை. தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத இடத்தில் இந்தக் கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்று அலுப்புத் தட்டிய பக்கம் இன்று உயிர் காக்கும் பக்கம் ஆகிறது. புத்தகம் மாறவில்லை. நம் தேவைதான் மாறியது.

ஏன் நின்று போகிறது?

முதல் காரணம் கண். நாற்பது வயதுக்கு மேல் பலருக்கு வெள்ளெழுத்து வரும். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. இளம் வயதில் அது நன்றாக வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏற விறைப்பாகிவிடும். தூரத்தில் வரும் பஸ் தெரியும். ஆனால் கையில் இருக்கும் எழுத்து மங்கும். புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால்தான் கொஞ்சம் தெரியும். சிறிது நேரத்தில் தலை வலிக்கும்.

இப்படிப்பட்ட ஒருவர், "எனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார். உண்மையில் அவருக்கு வேண்டியது ஒரு கண்ணாடி. அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டதும் அதே புத்தகம் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் நேரம். நாள் முழுதும் நாற்று நட்டவருக்கு இரவில் படுத்தால் போதும் என்றிருக்கும். விளக்கும் மங்கலாக இருக்கும். அந்த நேரத்தில் எந்தப் புத்தகமும் தூக்கத்தைத்தான் கொடுக்கும். அதே பக்கத்தை விடிந்த பிறகு, வாசல் வெளிச்சத்தில் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது காரணம் சொல். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று சொல் தெரியாவிட்டால் சமாளிக்கலாம். வரிக்கு வரி தெரியாத சொல் வந்தால் யாருக்கும் மனம் விட்டுப் போகும். அது படிப்பவரின் குற்றம் அல்ல. எழுதியவர் கடினமாக எழுதியிருக்கலாம். அல்லது அந்தப் புத்தகத்துக்கு இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டியிருக்கலாம்.

நான்காவது காரணம் தொடக்கம். சில புத்தகங்களில் முன்னுரையும் வாழ்த்துரையும் பத்துப் பக்கம் போகும். விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். அதற்குள் படிப்பவர் களைத்துவிடுவார்.

காந்தி பாதியில் விட்டவை

பெரியவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. மகாத்மா காந்தி தன் சுயசரிதையில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

ராஜ்கோட்டில் அவர் பள்ளியில் படித்தபோது நான்காம் வகுப்பில் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறின. ஜியோமிதி என்னும் வடிவக் கணிதம் அவருக்குப் புரியவே இல்லை. பழைய வகுப்புக்கே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். ஆனாலும் முயன்றார். பதின்மூன்றாவது தேற்றத்துக்கு வந்தபோது சட்டென்று புரிந்தது. அதன்பின் அந்தப் பாடம் எளிதாகிவிட்டது. பன்னிரண்டாவதில் நிறுத்தியிருந்தால் அது தெரிந்திருக்காது.

சமஸ்கிருதமும் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பாரசீக மொழி சுலபம் என்று மற்ற மாணவர்கள் சொன்னார்கள். ஒருநாள் அவரும் பாரசீக வகுப்பில் போய் உட்கார்ந்தார். சமஸ்கிருத ஆசிரியர் வருத்தப்பட்டார். அவரைக் கூப்பிட்டு, "எது கஷ்டமோ என்னிடம் வந்து கேள்" என்று அன்பாகப் பேசினார். காந்தி வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார். அந்த ஆசிரியரைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைத்தார்.

பிறகு லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனார். அங்கே ஒருவர் சொல்லி பைபிள் வாங்கினார். பழைய ஏற்பாட்டின் பக்கங்கள் அவருக்குத் தூக்கத்தை வரவழைத்தன. ஆனால் புதிய ஏற்பாட்டுக்கு வந்ததும் நிலைமை மாறியது. இயேசுவின் மலைப்பிரசங்கம் அவர் மனத்தைத் தொட்டது. முதல் பகுதியிலேயே மூடியிருந்தால் அந்தப் பக்கங்கள் அவருக்குக் கிடைத்திருக்காது.

தமிழ்ப் புத்தகத்தின் கதை வேறு. தென்னாப்பிரிக்காவில் தமிழ்த் தொழிலாளர்களோடு நெருங்கிப் பழக அவர் தமிழ் கற்க விரும்பினார். 1896-இல் இந்தியா வந்த கப்பலில், கப்பல் மருத்துவர் அவருக்குத் தமிழைத் தானே கற்கும் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஆர்வமாகத் தொடங்கினார். கரை இறங்கியதும் வேலை அழுத்தியது. படிப்பு நின்றது. பின்னர் தென்னாப்பிரிக்கச் சிறையில் மறுபடி தமிழ் படித்தார். கொஞ்சம் வாசிக்க வந்தது. பேச வரவில்லை. பழக்கம் இல்லாததால் வாசிப்பதும் மறந்து வருகிறது என்று பிறகு வருந்தினார்.

அவ்வளவு படித்தவருக்கும் பழக்கம் விட்டால் எழுத்து மறந்தது. அப்படி இருக்க, நமக்கு மறந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மறுபடி எடுப்பது எப்படி?

முதலில் தூசியைத் தட்டுங்கள். உடனே படிக்க வேண்டாம். படங்களைப் பாருங்கள். தலைப்புகளை மட்டும் வாசியுங்கள். எந்தத் தலைப்பு மனத்தை இழுக்கிறதோ, அங்கே தொடங்குங்கள். கதைப் புத்தகமாக இருந்தால் முதலில் இருந்து படிக்க வேண்டும். தகவல் புத்தகத்தை நடுவில் இருந்தும் படிக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத வரி சில நேரம் காதுக்குப் புரியும்.

தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பென்சிலால் சிறு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். அடுத்த வரியே அதன் பொருளைச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். இருபது நாளில் நாற்பது பக்கப் புத்தகம் முடிந்துவிடும்.

தனியாக முடியாவிட்டால் துணை சேருங்கள். நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கலாம். ஒருவருக்குப் பிடிக்காத பக்கம் இன்னொருவர் சொன்னால் பிடித்துப் போகும்.

எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டாம் முறையும் மனம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். அது தோல்வி ஆகாது. பிடிக்காத புத்தகத்தோடு மல்லுக்கட்டி, படிக்கும் ஆசையையே இழந்துவிடக் கூடாது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படுகிறார். 1931-இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற ஒருவர் உண்டு என்பன வேறு இரண்டு.

அப்படியானால், உங்களுக்கு ஒட்டாத புத்தகம் யாருக்கோ காத்திருக்கிறது. கோழி வளர்ப்பு பற்றிய புத்தகம் உங்களுக்கு அலுக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதுவே பிழைப்பாகலாம். அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் மூடி வைத்த புத்தகத்தை வாங்கி வாருங்கள். இரண்டு புத்தகங்களுக்கும் மறுவாழ்வு கிடைக்கும்.

இன்று மாடத்தைப் பாருங்கள். பஸ் டிக்கெட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதை எடுத்து அடுத்த பக்கத்தில் வையுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. நீங்கள் பாதியில் நிறுத்திய புத்தகம் எது? ஏன் நிறுத்தினீர்கள்?

2. உங்கள் குழுவில் யாருக்காவது எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? அவர் கண்ணைச் சோதித்தாரா?

3. உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யும் அளவைப் பார்க்காமல் எழுதுங்கள். பிறகு சரிபாருங்கள்.

4. உங்களிடம் இருக்கும் புத்தகங்களை யார் யார் மாற்றிக்கொள்ளலாம்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.