அடைத்த வாசல்

பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருஷம் வரைபலகையோடு குடித்தனம் நடத்தியவள் நான். பள்ளிக்கூடமோ தாலுகா ஆபீஸோ பிரசவ வார்டோ, எதைக் கட்டுவதென்றாலும் முதலில் மூன்று படம் வேண்டும். மேலேயிருந்து பார்க்கிற ப்ளான், எதிரே நின்று பார்க்கிற எலிவேஷன், கட்டடத்தைக் கத்தியால் பிளந்தாற்போல் காட்டுகிற செக்‌ஷன். எலிவேஷனை அழகாக வரைந்து யாரையும் மயக்கிவிடலாம். செக்‌ஷனில் அது நடக்காது. சுவர் எவ்வளவு கனம், தளம் எதன்மேல் உட்காருகிறது, படி எங்கே முட்டுகிறது என்பதெல்லாம் அங்கே வெட்டவெளிச்சம்.

அந்த மூன்றாவது படத்தை முழு அளவில், கல்லிலேயே, ஒரு நாள் பார்த்தேன். வேல்ஸ் நாட்டின் தென்மேற்கில் லான்ஸ்டெஃபன் என்ற ஊரில் இருக்கும் இடிந்த கோட்டை அது.

மகள் அதற்குப் பக்கத்து ஊரான கார்மார்தனில் டாக்டர். போன மே மாதம் அவள் வீட்டில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை. ஒன்பது வயதுப் பேத்தியும் நானும் கிளம்பினோம். கார்மார்தனிலிருந்து டைவி ஆற்றின் கரையை ஒட்டியே ரயில் போகிறது. முழுக்க வேல்ஸுக்குள்ளேயே பிறந்து வேல்ஸுக்குள்ளேயே கடலில் சேரும் ஆறுகளில் இதுதான் நீளம், ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இந்தத் தண்டவாளம் 1852ல் போட்டது. ஃபெர்ரிசைடு என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினால் பிளாட்பாரத்தை ஒட்டியே முகத்துவாரம். எதிர்க்கரையில், தனியாகத் துருத்தி நிற்கும் பச்சைக் குன்றின் தலையில், உடைந்த பல் வரிசை மாதிரி கோட்டை.

அக்கரைக்குப் போக ஒரு படகு இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஆட்களைக் கடத்திவிட்ட துறை, நடுவில் பல பத்தாண்டுகள் நின்றுபோய், 2018ல் மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்தப் படகுக்குச் சக்கரம் உண்டு! நீரில் மிதந்து வந்து, கரை தட்டியதும் சக்கரத்தை இறக்கி, மணலில் டிராக்டர் மாதிரி உருண்டு ஏறி நம் காலடியில் நிற்கிறது. வேடிக்கைக்காகச் செய்ததல்ல அது. அங்கே கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் சோழமண்டலக் கரையில் கடல் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம். கார்மார்தன் விரிகுடாவில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏழெட்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. காலையில் கடலாக இருந்தது மத்தியானம் மணல்திட்டும் சேறுமாகிவிடும், நடுவில் ஆறு ஒரு வாய்க்கால் போல ஓடிக்கொண்டிருக்கும். தோணித்துறை என்று கல்லில் கட்டிவைத்தால் பாதி நாள் அது சேற்றில்தான் நிற்கும்.

ஊர்ப் பெயரை நான் சொன்ன விதம் பேத்திக்குப் பிடிக்கவில்லை. அவள் படிப்பது வேல்ஸ் மொழிப் பள்ளிக்கூடத்தில். "அம்மாச்சி, 'ல' சொல்ற மாதிரி நாக்கை வச்சுக்கிட்டு, சத்தம் போடாம ரெண்டு பக்கமும் காத்தை ஊது" என்றாள். ழகரத்தை ஊராருக்குச் சொல்லிக்கொடுத்த இனம் என்ற தைரியத்தில் ஊதிப் பார்த்தேன். பூனை சீறுவது மாதிரி வந்தது. 'லான்' என்றால் கோயிலும் அதைச் சுற்றிய நிலமும். ஸ்டெஃபன் என்பது ஒரு பழைய புனிதரின் பெயர். வேல்ஸ் வரைபடத்தில் லான் என்று தொடங்கும் ஊர்கள் எண்ணி மாளாது.

கடற்கரைப் புல்வெளியிலிருந்து மரங்களுக்கு நடுவே செங்குத்தான ஒரு பாதை. அந்த நாட்டுச் சாலைகளில் வளைவுக்கு வளைவு 'அராவ்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும், மெதுவாக என்று அர்த்தம். என் முழங்காலைப் பார்த்துவிட்டுப் பேத்தி முன்னால் நின்று கையை நீட்டி "அராவ், அம்மாச்சி, அராவ்" என்று போக்குவரத்துப் போலீஸ் வேலை செய்தாள். டிக்கெட் கவுன்டர் கிடையாது. வேல்ஸ் அரசின் தொல்லியல் அமைப்பான 'காடு' பார்த்துக்கொள்கிறது. கட்டணமும் இல்லை. (பெயரைக் கேட்டு அடர்ந்த வனத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். 'காப்பது' என்று பொருள்படும் வேல்ஸ் சொல் அது.)

குன்றின்மேல் நின்றதும் இடம் தேர்ந்தவனின் புத்தி புரிந்துவிடும். மூன்று பக்கமும் சரிவு, கீழே தண்ணீர். காவல் தேவைப்படுவது மேற்கே நிலத்தோடு ஒட்டிய கழுத்துப் பகுதியில் மட்டும்தான். அங்கே இன்றும் மண் மேடும் அகழியும் தெரிகின்றன. அந்த அகழிகள் கோட்டை கட்டிய நார்மானியர் முதலில் வெட்டியவை அல்ல. கிறிஸ்துவுக்கு முன்பே, இரும்புக்கால மக்கள் இதே முனையை அரண் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த நார்மானியப் பிரபுக்கள் பழைய பள்ளத்தைத் தூர்வாரித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். முதலில் மண்ணும் மரமும்தான். கல் பிறகு வந்தது.

நான் நோட்டை எடுத்துப் ப்ளான் போட உட்கார்ந்தேன். உச்சியில் சிறிய மேல்முற்றம். அதை அணைத்தாற்போல் கீழே பெரிய வெளிமுற்றம். சுற்றிலும் மதில், மதிலில் ஆங்கில டி எழுத்து வடிவக் கோபுரங்கள். நான்கு கோட்டில் முடிகிற ப்ளான். அது கைமாறிய கதைதான் லேசில் முடியாது.

1146ல் வேல்ஸ் இளவரசர்கள் கடெல், மரெடித், ரிஸ் என்ற சகோதரர்கள் இதைப் பிடித்தார்கள். நார்மானியரும் அவர்களோடு குடியேறிய ஃபிளெமிஷ்காரர்களும் திடுமென்று திரும்பி வந்து ஏணிகளைச் சாத்தினார்கள். உள்ளே காவலுக்கு இருந்தவன் மரெடித். மீசை அரும்பும் வயது. வேல்ஸ் நாளாகமம் சொல்லும் கதைப்படி, அவன் பதறவில்லை. ஏணி நிறைய ஆள் ஏறும்வரை பொறுத்திருந்து, பிறகு அத்தனையையும் அகழிக்குள் புரட்டிவிட்டான். 1158ல் கோட்டை மறுபடி நார்மானியர் கைக்குப் போயிற்று. 1189ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி கண்ணை மூடினாரோ இல்லையோ, அந்த மரெடித்தின் தம்பி ரிஸ், இப்போது பெரிய பிரபுவாகி, வந்து பிடித்தார். பிறகு நார்மானியர். 1215ல் வேல்ஸ் இளவரசர் மகா லுவெலின். பிறகும் நார்மானியர். 1257ல் டைவிப் பள்ளத்தாக்கில் ஆங்கிலப் படை அடிவாங்கியதும் மறுபடி வேல்ஸ்காரர்கள். இப்படிக் கைமாறிய நிலத்துக்கு நம் பத்திரப்பதிவு ஆபீஸில் வில்லங்கச் சான்று கேட்டால், எழுதுகிறவர் லீவில் போய்விடுவார்.

வாங்கிய அடி ஒவ்வொன்றும் சுவரில் பாடமாக இறங்கியிருக்கிறது. கோட்டையைத் திரும்பப் பெற்ற நார்மானியக் காம்வில் குடும்பம் 1280ஐ ஒட்டி வெளிமுற்றத்தில் ஒரு பெரிய வாயில் மாளிகையைக் கட்டியது. நான் பார்க்க வந்தது உண்மையில் இதைத்தான். இரண்டு பக்கமும் புடைத்த கோபுரங்கள், நடுவே வண்டி போகும் வழி. வழியின் இரு முனையிலும் மேலிருந்து கிணற்று வாளி போல இறக்குகிற கனத்த கதவு. அது ஓடிய பள்ளம் கல்லில் கோடாக இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு நீளப் பிளவு. கதவுக்கு எவனாவது தீ வைத்தால் தண்ணீர் ஊற்றவும், அவன் தலையிலேயே வேறு எதையாவது கொட்டவும். சுவரில் அம்பு விடும் சந்துகள். உள்பக்கம் ஆள் நிற்க அகலம், வெளிப்பக்கம் விரல் நுழையும் கீறல். கையை முழுக்க நீட்டியும் எனக்கு வெளி விளிம்பு எட்டவில்லை.

இரண்டு முனையிலும் கதவு எதற்கு? முற்றமே எதிரி கையில் விழுந்தாலும் வாயில் மாளிகை மட்டும் தனிக் கோட்டையாக நின்று சமாளிக்க. முதல் எதிரி வெளியே, அடுத்த எதிரி உள்ளே என்று கணக்குப் போட்டவன் வரைந்த ப்ளான் அது. இதே பாணியைச் சில வருஷம் முன்பு கெர்ஃபிலிக் கோட்டையில் கில்பர்ட் டி க்ளேர் என்ற பிரபு கட்டிக் காட்டியிருந்தார். ஆனால் என்ன பயன்? 1282 டிசம்பரில் வேல்ஸின் கடைசிப் பேரிளவரசர், இன்னொரு லுவெலின், கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் நாடு முழுவதையும் பிடித்து முடித்தார். பெரிய வாசல் எழுந்த சூட்டிலேயே அதை உடைக்க வர வேண்டிய ஆள் இல்லாமல் போனார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்த ஓவைன் க்ளிண்டூரின் கலகக்காரர்கள் வந்து சில காலம் பிடித்து வைத்திருந்தார்கள். அத்தோடு சரி.

வாயில் மாளிகையின் எலிவேஷனை வரையும்போதுதான் எனக்கு இடறியது. நடு வளைவுக்குள் சுவர். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வாசல் இல்லை! நாங்கள் உள்ளே வந்ததோ அதற்குப் பக்கத்தில் ஓட்டை போட்டாற்போல் இருந்த ஒரு சின்ன வழியாக. கிட்டப் போய்ப் பார்த்தேன். வளைவுக் கற்களும் அடைப்புச் சுவரின் கற்களும் ஒன்றோடொன்று பல் கோத்துப் பின்னவில்லை. பிறகு வந்து அடைத்தது என்று கொத்தனார் பையன்கூடச் சொல்லிவிடுவான். 1400களின் கடைசியில், பகை ஒழிந்த காலத்தில், இந்த மாளிகையைக் குடியிருக்கும் வீடாக மாற்றியிருக்கிறார்கள். ஏழாம் ஹென்றி மன்னரின் சிற்றப்பா ஜாஸ்பர் ட்யூடர் செய்த வேலையாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. வண்டி போன வழியின் இரு முனையையும் அடைத்துக் கூடமாக்கி, போக்குவரத்துக்குப் பக்கத்தில் புது வழி திறந்துவிட்டார்கள். எதிரி தலையில் கொட்டுகிற பிளவுக்குக் கீழே யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்.

எனக்கு மரெடித்தைவிட வாசலை அடைத்த இந்த ஆளைத்தான் பிடித்தது. இருக்கிற கட்டடத்தை இடிக்காமல் வேறு உபயோகத்துக்கு மாற்றுவது எத்தனை தலைவலி என்று, பழைய கச்சேரிக் கட்டடத்தைப் பள்ளியாக்க ப்ளான் போட்ட எனக்குத் தெரியும். பின்னாளில் கோட்டை பண்ணையாகவும் ஆகி, மதிலுக்குள் மாடு கட்டியிருக்கிறார்கள்.

கூரையோ தளமோ கிடையாது. உத்திரக்கட்டை நுழைந்த துளைகள் சுவரில் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைக்கு மேலே, ஆள் எட்டாத உயரத்தில், ஒரு கணப்பு அடுப்பு அந்தரத்தில் தொங்குகிறது. பேத்தி "அங்க போய் யார் அம்மாச்சி அடுப்புப் பத்த வைப்பா?" என்றாள். துளைகளைக் காட்டி, அங்கே ஒரு தளம் இருந்தது என்றேன். அவள் மற்ற சுவர்களில் துளை எண்ணி மாடிகளைத் தானே கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். புதுப்பித்துப் பளபளவென்று வைத்திருக்கும் கோட்டைகளையும் பிறகு பார்த்தோம். அவை வெறும் எலிவேஷன். கூரை போட்டு, பூசி, திரைச்சீலை தொங்கவிட்ட இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. இடிந்ததை இடிந்தபடி, மேலும் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

சுவரின் சிதைந்த நடுப்பகுதியில் நகத்தால் கீறிப் பார்த்தேன். சுண்ணாம்புக் காரை. கல்லைச் சுண்ணாம்பாக்கக் காளவாய் வேண்டும். 1795ல் இருபது வயது ஓவியர் டர்னர் இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தார். நிலா வெளிச்சத்தில் இந்தக் கோட்டையை வரைந்தபோது, முன்னால் அவர் வைத்தது ஒரு காளவாய். அந்தப் படத்தை மாப்பிள்ளை ராத்திரி கம்ப்யூட்டரில் காட்டினார். கோட்டையைவிட அடுப்பு வெளிச்சத்தில்தான் கண் நிற்கிறது.

ராத்திரி என்றேன், அந்த ராத்திரிக்குள் வீடு வந்து சேர்ந்த கதை தனி. செக்‌ஷனை முடித்துவிட்டு இறங்குவோம் என்று நான் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டேன். இறங்கிப் போனால் தண்ணீர் வடிந்து, மணல் பளபளக்கிறது. சக்கரப் படகுக்கும் ஒரு எல்லை உண்டு. கடைசிப் படகு போய்விட்டிருந்தது. ரயில் இருப்பது எதிரே, ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஸ்டேஷன் விளக்குவரை தெரிகிறது. ஆனால் கார்மார்தனுக்குக் கீழே இந்த ஆற்றுக்குப் பாலமே கிடையாது. சாலை வழியாக அந்த ஸ்டேஷனுக்குப் போவதென்றால் கார்மார்தன் சுற்றி இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். எந்த நூற்றாண்டில் வந்த படையும் இந்தத் துறைக்குத் தலைகுனிந்துதான் ஆக வேண்டும். அந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதைப் படகைத் தவறவிட்ட கிழவிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டியூட்டி முடிந்து மாப்பிள்ளை காரில் வந்து கூட்டிப்போனார். ஒன்றும் சொல்லவில்லை, அவர் சுபாவம் அப்படி. மகள்தான் வீட்டு வாசலில் நின்று, "ஏம்மா, படம் போடறதுக்கு நேரங்காலம் கிடையாதா?" என்றாள்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், வழுக்காத செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். படகு எல்லா மாதமும் ஓடாது, ஓடும் மாதத்திலும் நேரம் நாளுக்கு நாள் மாறும். ஏறும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.