பதினொன்றில் ஒரு பங்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

சதுரங்கப் போட்டியில் வலியவரும் எளியவரும் எதிரெதிரே அமர்ந்தால் முடிவு முன்பே தெரிந்ததுதான் என்று பலரும் கருதுகின்றனர். அது எவ்வளவு தூரம் சரி என்பதைக் கணக்கின் துணைகொண்டு விளக்க முயல்கிறேன்.

ஆட்டக்காரரின் வலிமையைத் தரப்புள்ளியாகக் குறிக்கும் முறையை வகுத்தவர் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். 1960-இல் அமெரிக்கக் கூட்டமைப்பும், 1970-இல் உலகக் கூட்டமைப்பும் இம்முறையை ஏற்றன.

வெற்றிக்கு 1, சமனுக்கு அரை, தோல்விக்கு 0. இருவரின் தரப்புள்ளி வேறுபாட்டை 400-ஆல் வகுத்து, வரும் எண்ணைப் பத்தின் அடுக்காக்கி, அத்துடன் ஒன்றைக் கூட்டி, அத்தொகையால் ஒன்றை வகுக்க வேண்டும். கிடைப்பதே எளியவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக எதிர்பார்க்கத்தக்க புள்ளி. வேறுபாடு 200 எனில் 0.24, 400 எனில் பதினொன்றில் ஒரு பங்கு. வேறுபாடு எவ்வளவு வளர்ந்தாலும் விடை சுருங்குமே தவிரப் பூஜ்யமாகாது.

பெற்ற புள்ளியிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, ஒரு மாறிலியால் பெருக்கித் தரப்புள்ளியைத் திருத்துவர். மாறிலி 20 எனக் கொண்டால், 400 புள்ளி குறைந்தவர் தோற்கும்போது இழப்பது ஏறத்தாழ 2. வென்றால் பெறுவது 18. இழப்பு சிறிது, ஆதாயம் பெரிது.

1962-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த மண்டலங்களுக்கிடையிலான போட்டியில் 23 பேர் ஆடினர். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான நம் மானுவல் ஆரோன் கடைசி இடமே பெற்றார்; முதலிடம் பாபி பிஷருக்கு. ஆயினும் போர்டிஷ், ஊல்மான் என்னும் இரு கிராண்ட்மாஸ்டர்களை ஆரோன் வென்றார். உலகப் பட்டத்துக்கான அடுத்த கட்டத்துக்குத் தேர்வான ஆறு பேரில் அவ்விருவரும் இல்லை.

இதை அதிசயம் என்று சொல்ல மாட்டேன். 400 புள்ளி குறைந்தவர்கூட 22 ஆட்டங்கள் ஆடினால் சராசரியாக 2 புள்ளி பெறுவார் என்கிறது சூத்திரம். எந்த ஆட்டத்தில் என்று மட்டும் அது சொல்லாது. ஆகவே எல்லா ஆட்டத்துக்கும் போய் அமர வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ‘நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது?’ என்பது எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கும் பேச்சு. போட்டிப் பட்டியலில் எதிராளியின் பெயரைக் கண்டதும் ஆடாமலே திரும்பும் நண்பர்களும் அதையேதான் சொல்கின்றனர். தோழர்களே, அவர்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் போடுவது சூத்திரமன்று; ஆள் வரவில்லை என்று கண்ட நடுவர்தான்.