மாதிரி றொக்கெற்றின் செட்டைகள்

அம்பின் அடியில் இறகு கட்டுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கம். மாதிரி றொக்கெற்றின் வாற்புறத்தே பொருத்தப்படும் செட்டைகளும் அவ்விறகின் தொழிலையே செய்கின்றன. றொக்கெற் சற்றுச் சாய்ந்தவிடத்து, எதிர்ப்படும் வளி செட்டையைத் தள்ளி வாலை நேர்வழிக்கு மீட்கின்றது. இதற்கு, வளியின் விசை தாக்கும் அமுக்க மையம் புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னே, உடற்குழாயின் ஒரு விட்டத் தூரமாவது விலகியிருத்தல் வேண்டும். அமுக்க மையத்தைக் கணித்தறியும் முறையொன்றை ஜேம்ஸ் பரோமன் என்பார் 1966இல் மாதிரி றொக்கெற் ஆர்வலர்க்கு வழங்கினார்.

செட்டையைப் பெரிதாக்கினால் அமுக்க மையம் பின்செல்லும்; ஆனால் செட்டையின் பாரம் மிகுந்தால் புவியீர்ப்பு மையமும் உடன் பின்செல்லும். ஈட்டியது ஒரு கையாற் சேர, மறு கையாற் போய்விடும். ஆதலின் செட்டைக்குரிய பொருள் இலேசானதாயும் விறைப்பானதாயும் இருத்தல் இன்றியமையாதது.

இவ்விரு குணங்களும் ஒருங்கே வாய்ந்தது பால்சா மரம். பெரும்பாலும் எக்குவதோர் நாட்டிலிருந்து வரும் இம்மரத்தின் அடர்த்தி மரத்துக்கு மரம் பெரிதும் வேறுபடும். சராசரியாகக் கன மீற்றருக்கு 160 கிலோகிராம் எனலாம். அஃதாவது நீரின் அடர்த்தியில் ஆறில் ஒரு பங்களவே. பால்சாவைத் தெரிவதிலும் பார்க்க அதனை வெட்டுவதிலேதான் பலர் தவறுகின்றனர். மர இழை செட்டையின் முன்விளிம்புக்கு இணையாக ஓடுதல் வேண்டும். இழை குழாயின் நீளத்துக்கு இணையாக அமைந்தாலோ, சிறு தாக்கத்துக்கும் செட்டை அடியோடு பிளந்து போகும். முன்விளிம்பை உருட்டியும் பின்விளிம்பை மெலித்தும் அரத்தாளால் தேய்த்தால் காற்றுத்தடை குறையும். இருபுறமும் தாள் ஒட்டுவதும் நன்று. வளைவின்போது மேற்பரப்பே மிகுதியான இழுவிசையையும் நெருக்கலையும் தாங்குவதால், அம்மெல்லிய தாள் செட்டையின் விறைப்பை வெகுவாகக் கூட்டும்.

ஒட்டும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். செட்டையின் அடிவிளிம்பிலும் குழாயிற் குறித்த கோட்டிலும் வெண்பசையை மெல்லெனப் பூசி உலரவிட்டு, மீண்டும் பூசிப் பொருத்தல் வேண்டும். முதற்பூச்சு தாளிலும் மரத்திலும் ஊறிப் பிடிப்பதால், இழுத்துப் பார்ப்பின் பசை விடுபடுமுன் குழாயின் தாளே கிழியும். வர்ணம் பூசிய பின் ஒட்டினாலோ, பசை வர்ணத்தைப் பற்றுமேயன்றிக் குழாயைப் பற்றாது. வலிமை மிக்க எஞ்சின்களுக்கு ஒட்டுப்பலகைச் செட்டை தக்கது. குழாயில் துளைவாய் வெட்டி, செட்டையின் அடிநாக்கை உள்ளே செலுத்தி எஞ்சின் தாங்கும் குழாயோடு ஒட்டுதலே அதற்குரிய முறை.

வேகம் மிகும்போது வேறோர் ஆபத்து எழுகின்றது. செட்டை காற்றில் கொடிபோலப் படபடத்து, அதிர்வு பெருகிக் கணத்தில் முறிந்துவிடும். 1958இல் அமெரிக்க அரசின் வானூர்தி ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட தொழில்நுட்பக் குறிப்பொன்று இதற்குச் சூத்திரம் தருகின்றது. அதன்படி, ஏனைய அளவுகள் மாறாதிருப்ப, தடிப்பை இரட்டித்தால் படபடப்பு வேகம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். எனவே பால்சாவைக் கைவிடுமுன் அதன் தடிப்பைச் சிறிது கூட்டிப் பார்த்தல் அறிவுடைமை.

உறுதியே வேண்டுமாயின் உலோகத் தகட்டை ஏன் கொள்ளலாகாது என மாணவர் வினவலாம். 1957இல் ஸ்புட்னிக் ஏவப்பட்டதை அடுத்து அமெரிக்க இளைஞர் பலர் உலோகக் குழாய்களில் வெடிமருந்து அடைத்துக் காயமுற்றனர். அதற்கு முன்னரே, 1954இல், நெபிறாஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை நடத்திய ஒர்வில் கார்லைல் தாளாலும் பால்சாவாலும் றொக்கெற் செய்திருந்தார். அவ்வழியே பாதுகாப்பு விதியாயிற்று: மூக்கு, உடல், செட்டை ஆகியவற்றில் உலோகம் ஆகாது. வழிதவறிய றொக்கெற் எவர்மீதாவது மோதினால், பால்சாச் செட்டை தான் நொறுங்கும். தகடோ தசையை அறுக்கும்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். பின்னோக்கி நீண்ட கூர்முனைச் செட்டை கண்ணுக்கு இனிது. எனினும் குடைவிரித்து இறங்கும் றொக்கெற்றில் நிலத்தை முதலில் தொடுவது அம்முனையே. குழாயின் அடிவிளிம்புக்குக் கீழே நீளாத செட்டை பல பறப்புக்களுக்கு உதவும்.