தென் துருவப் பிராணிகளும் கொல்கத்தா மண்ணும்

தென் துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவிற்குச் சென்று, பெங்குவின்களையும் கடல்நாய்களையும் நேரிற் கண்டு திரும்புவது, ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்க்கும் திமிங்கில வேட்டைக்காரர்க்குமே இயன்ற காரியமாக இருந்தது. 1966-ஆம் ஆண்டில் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் சாதாரணப் பிரயாணிகளைக் கப்பலில் அழைத்துச் சென்றதிலிருந்து நிலைமை மாறலாயிற்று. 2022-23 பருவத்தில் அப்பகுதிக்குச் சென்ற பிரயாணிகளின் தொகை ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டது. கொல்கத்தா போன்ற வெப்ப நகரிலிருந்து இத்தகைய பிரயாணத்தைத் திட்டமிடுவோர்க்கு முதலில் தோன்றுவன கட்டணமும் கம்பளி உடையுமே. பாதரட்சையின் அடியில் ஒட்டியிருக்கும் மண் எவர் நினைவிற்கும் எளிதில் வருவதில்லை. ஆயினும் அதுவே இப்பிரயாணத்தில் பெரிதும் கவனிக்கத்தக்கது.

முதற்கண் வழியையும் காலத்தையும் பார்ப்போம். பிரயாணிகளின் கப்பல்களிற் பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, அலைமிகுந்த டிரேக் கடல்வழியை ஏறத்தாழ இரண்டு நாட்களிற் கடக்கின்றன. பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் பெங்குவின்கள் கூடு கட்டக் கூழாங்கற்களைப் பொறுக்குவதைக் காணலாம். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் குஞ்சுகளைக் காணலாம். திமிங்கிலங்களைக் காண விழைவோர்க்குப் பிப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. சக்கரவர்த்திப் பெங்குவினோ கடுங்குளிர் காலத்தில் உறைந்த கடலின்மீது முட்டையிட்டு அடைகாப்பது. ஆகவே கோடைக்காலக் கப்பலிற் செல்வோர் அதனைக் காண்பது அரிது. வெண்கரடி வட துருவத்திற்கே உரியது. அதனைத் தேடுவோர், இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் 2008 முதல் இயங்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் செல்லவேண்டும். அங்கு 2025 முதல் கரடிக்கு 300 மீட்டருக்குள் நெருங்குதல் கூடாது; மார்ச் முதல் ஜூன் முடிய இத்தூரம் 500 மீட்டர்.

இந்திய விஞ்ஞானிகளின் முதற் பயணக்குழு எஸ். இஸட். காசிம் தலைமையில் 1981 டிசம்பர் 6-ஆம் நாள் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9-ஆம் நாள் அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. 1983-இல் புறப்பட்ட மூன்றாவது குழுவில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் புவியியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தா இடம்பெற்றார். கொல்கத்தாவிற்கும் தென் துருவத்திற்கும் உள்ள தொடர்பு பாறைகளுடன் நிற்கவில்லை. நியூ அலிப்பூரில் தலைமை நிலையம் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினரும் அங்குச் சென்று பிராணிகளை ஆராய்ந்துள்ளனர். இத்துறை இந்தியப் பொருட்காட்சிச் சாலையின் விலங்கியற் பகுதியிலிருந்து 1916 ஜூலை 1-ஆம் நாள் தோன்றியதாகும்.

இவர்கள் ஆராய்ந்த பிராணிகள் யாவை என்பதே சுவையான செய்தி. பெங்குவினும் கடல்நாயும் கடலில் உண்டு வாழ்பவை. குஞ்சும் குட்டியும் ஈனவும் இளைப்பாறவுமே கரைக்கோ பனிமேலோ ஏறுகின்றன. அக்கண்டத்தின் தரையிலேயே பிறந்து தரையிலேயே மடியும் பிராணிகளுள் மிகப் பெரியது பெல்ஜிகா என்னும் சிறகற்ற ஒரு கொசுவினப் பூச்சி. அதன் நீளம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாது! இந்தியாவின் மைத்ரி நிலையம் அமைந்துள்ள ஷிர்மாகர் பாலைச்சோலை ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, பனி மூடாத பாறை நிலம். நூற்றுக்கு மேற்பட்ட நன்னீர் ஏரிகள் அங்கு உள்ளன. அவ்வேரிகளின் ஓரத்திலும் பாறை இடுக்குகளிலும் மாஸ் எனப்படும் பாசிச்செடி மெத்தைபோற் படர்ந்திருக்கும். அம்மெத்தையே ஒரு காடு. நூற்புழுக்களும், உண்ணி இனத்தைச் சேர்ந்த நுண்ணிய பூச்சிகளும், எட்டுக் கால்களுடன் மெல்ல ஊரும் நீர்க்கரடிகளும் அதனுள் வாழ்கின்றன. நீர்க்கரடி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையது. குளிர் முற்றி ஈரம் வற்றுங்கால் இது உடலைச் சுருக்கி, உயிர் உண்டோ இல்லையோ என ஐயுறும் நிலையிற் கிடந்து, ஈரம் கிட்டியதும் மீண்டும் நடக்கத் தொடங்குகிறது.

இத்தகைய சிற்றுயிர்களின் பட்டியலை ஆராய்ச்சியாளர் பல்லாண்டு முயன்று தொகுக்கின்றனர். பிரயாணி ஒருவரின் பாதரட்சையிலிருந்து அயல்நாட்டுப் பூச்சியொன்று அங்கு விழுந்து பிழைத்துவிட்டால், அது ஆதியிலிருந்தே அங்கு வாழ்ந்ததா, நேற்று வந்ததா என்று பின்னர் எவராலும் எளிதிற் கூற இயலாது. கெடுவது அந்நிலம் மட்டுமன்று. அதைப்பற்றிய அறிவும் ஐயத்திற்கு உரியதாகிவிடும்.

இது வீண் அச்சமன்று. 2007-08 கோடையில் அங்குச் சென்றோரின் உடைகளையும் பைகளையும் சோதித்தபோது, வித்துக்களைச் சுமந்து வந்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு 9.5 வித்துக்கள் அகப்பட்டன. உல்லாசப் பிரயாணிகளைவிட விஞ்ஞானிகளே அதிகம் சுமந்து சென்றனர் என்பது விஞ்ஞானிகள் வெட்கத்துடன் ஏற்கவேண்டிய முடிவு. போவா அன்னுவா என்ற சிறு புல், நீலகிரியிலும் இமயச் சாரலிலும் விளைவது, கிங் ஜார்ஜ் தீவிலுள்ள போலந்து நாட்டு நிலையத்தின் அருகில் வேரூன்றியிருப்பது 1985-86 கோடையிற் கண்டறியப்பட்டது.

வங்காளப் புல்வெளியில் நடப்போரின் ஆடையிற் குத்திக்கொள்ளும் சோர்காண்ட்டா என்னும் ஒட்டுப்புல் துருவக் குளிரில் முளைக்குமோ எனச் சிலர் கேட்கலாம். பெரும்பாலும் முளையாது, வெப்ப நாட்டு வித்து அது. டார்ஜிலிங்கில் விடுமுறை கழித்து, அதே பாதரட்சையுடன் தெற்கே செல்பவரே அஞ்சத்தக்கவர். குளிரைத் தாங்கிப் பழகிய வித்துக்கள் அவரிடமே இருக்கக்கூடும். இந்தியக் குழுவினர் பனியிற் பயிற்சி பெறும் ஆலியும் இமயமலையில் உள்ளதாகலின், இவ்விதி அவர்கட்கும் பொருந்தும்.

அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் உடன்பாடு 1991-இல் கையொப்பமாகி 1998-இல் அமலுக்கு வந்தது. அனுமதியின்றி அயற்பிராணிகளையும் தாவரங்களையும் கொண்டுசெல்வதை அது தடுக்கிறது. கடல்நாய்களுக்கு நோய் பரவும் என்னும் அச்சத்தால், 1994 ஏப்ரல் 1-ஆம் நாளுக்குள் நாய்கள் அனைத்தும் வெளியேற்றப்பட வேண்டுமென விதிக்கப்பட்டது. 1911-இல் அமுண்ட்சென் துருவத்தை அடைந்தது நாய் வண்டிகளின் உதவியால்தான் என்பதை நினைத்தால், இவ்விதியின் கண்டிப்பு விளங்கும். இந்தியாவும் 2022-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளது.

அண்மையில் பறவைக் காய்ச்சல் புதிய கவலையாக வந்துள்ளது. 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியாவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகப் பெருநிலத்திலும் அந்நோய் உறுதிப்பட்டது. வலசை வரும் பறவைகளே அதனைக் கொணர்ந்திருத்தல் வேண்டும். எனினும் ஒரு பறவைக் குடியிருப்பிலிருந்து மற்றொன்றிற்கு மனிதரும் அதைச் சுமந்து செல்லக்கூடும். எனவேதான் படகிலேறும்போதும் இறங்கும்போதும் பாதரட்சைகளைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் தோய்க்கச் செய்கின்றனர். தரையில் அமர்வதும் மண்டியிடுவதும் விலக்கு. பெங்குவினுக்கு 5 மீட்டர் விலகி நிற்கவேண்டும். அது தானே நெருங்கி வந்தால் அசையாதிருத்தல் நலம். ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் இறக்கப்படுவதில்லை.

புறப்படுவோர் வீட்டிலேயே செய்யத்தக்கவை சில. உடைகளின் பைகள், மடிப்புகள், ஒட்டுப்பட்டைகள் ஆகியவற்றைத் தூசி உறிஞ்சும் கருவியாற் சுத்தம் செய்க. காலுறை, புகைப்படக் கருவியின் முக்காலி, தோட்பையின் அடிப்பாகம் ஆகியவற்றையும் பார்க்க. ஊசியாலோ இடுக்கியாலோ வித்துக்களை அகற்றி, ஒரு காகித உறையிலிட்டு எண்ணிப் பார்த்தால், எண்ணிக்கை வியப்பளிக்கும்.

கப்பலேறும் வாய்ப்பில்லாத ஆசிரியர்கள், மழைக்காலத்தில் பழைய செங்கற்சுவரிற் படரும் பாசியில் ஒரு பிடி எடுத்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பிழிந்த நீரை நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மாணவர்க்குக் காட்டலாம். முதல் துளியில் நீர்க்கரடி அகப்படாவிடின், வேறொரு சுவரின் பாசியைத் தேடவேண்டும்.