நோயாளியின் விருப்பத்தை அளப்பது எங்ஙனம்?

பிரிக்பீல்ட்ஸில் வாழும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டிருக்கிறது. ஆனால் சுரப்பியைக் கடந்து பரவவில்லை. டாக்டர் மூன்று வழிகளைக் கூறுகிறார். அறுவை செய்து சுரப்பியை நீக்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெறலாம். அன்றி, இரத்தச் சோதனை முதலியவற்றால் நோயைக் கண்காணித்து, முன்னேறினால் மட்டும் சிகிச்சை தொடங்கலாம். பெரியவர் வாய் திறக்குமுன் உடன் வந்த மகன், "எது நல்லதோ அதைச் செய்துவிடுங்கள், டாக்டர்" என்கிறான்.

நல்லது எது என்பதன்றோ கேள்வி! பிரிட்டனில் 1,643 ஆடவரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் கவனித்த புரோடெக்ட் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்நோயால் இறந்தோர் கண்காணிப்புப் பிரிவில் நூற்றுக்கு 3.1, அறுவைப் பிரிவில் 2.2; கதிர்வீச்சுப் பிரிவில் 2.9. உறுதியான வேறுபாடென்று கொள்ளத்தக்கது இதில் இல்லை. ஆயின் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 விழுக்காடு, மற்ற இரண்டிலும் ஏறத்தாழ அதில் பாதியே. மறுபுறம், அறுவைப் பிரிவினரில் 46 விழுக்காட்டினர் ஆறாம் மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் அணிந்திருந்தனர். ஆறாம் ஆண்டிலும் 17 விழுக்காட்டினர். ஆண்மைத் தளர்ச்சியும் அப்பிரிவில்தான் மிகுதி.

கசிவுக்கு அஞ்சிக் கோயிலுக்கும் திருமணத்துக்கும் போகாமல் ஒதுங்குவார் ஒருவர். நோய் உள்ளே இருக்கிறது என்ற நினைவே இன்னொருவரின் உறக்கத்தைக் கெடுக்கும். இவ்விருவருக்கும் ஒரே சிகிச்சை நல்லதாகுமா?

இவ்வேறுபாட்டை எண்ணால் அளக்க வழிகள் உண்டு. "கசிவோடு 10 ஆண்டு வாழ்வதா, முழு நலத்தோடு 9 ஆண்டு வாழ்வதா?" என்று கேட்டு, ஆண்டைக் குறைத்துக்கொண்டே போவது ஒன்று. 8 ஆண்டில் "இரண்டும் ஒன்றுதான்" என்பாராயின், அந்நிலைக்கு அவர் தரும் மதிப்பு 0.8. முழு நலம் பெற எவ்வளவு மரண அபாயத்தை ஏற்பீர் என்று கேட்பது மற்றொன்று. மலேசியாவில் 1,125 பேரிடம் உடல்நிலைகளுக்கு இவ்வாறு மதிப்புக் கண்ட ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. ஆயின் அது பொதுமக்களின் சராசரி. அரசின் செலவுக் கணக்குக்கு அது உதவும். நம் பெரியவருக்கு எது தகும் என்பதை அது சொல்லாது.

தமிழாசிரியர் கருதத்தக்க இடம் இனித்தான் வருகிறது. 90 பேர் பிழைப்பர் என்பதும் 10 பேர் இறப்பர் என்பதும் ஒரே கணக்கே. எனினும் சொல்லை மாற்றினால் தேர்வும் மாறுவதை மக்னீல், ட்வெர்ஸ்கி முதலியோர் 1982இலேயே காட்டினர். நம் முதியோரிடம் ஆயுளைப் பேரம் பேசினால், "அதெல்லாம் ஆண்டவன் கையில்" என்பர். அவ்விடையை எந்த எண்ணாக எழுதுவது? கசிவை யாரும் 'விரும்பு'வதில்லை, "எதைப் பொறுத்துக்கொள்வீர்கள், எதைப் பொறுக்க மாட்டீர்கள்?" என்பதே நம் பேச்சுக்கு இயைந்த கேள்வி.

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் தமிழன்றி வேறறியா முதியவருக்கு மகனோ மகளோ மொழிபெயர்ப்பதுண்டு. மகள் வாயிலாக ஆண்மை பற்றிக் கேட்டால் எத்தந்தை விடை கூறுவார்? தலையை அசைத்து அமைவார். "அதுபற்றிக் கவலையில்லை" என்று தாளில் பதிவாகிவிடும். பிள்ளைகளைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, அவரிடமே தமிழில் கேட்டுப் பெற்ற விடையைத்தான் அளவு என்று கொள்ளலாம்.